பெயருள்ள தடி

கோல்ஃப் ஆட்டத்தைப் பற்றி எழுத உனக்கு என்ன யோக்கியதை என்று நண்பர்கள் கேட்கக்கூடும். ஆட்டக்காரனுக்குரிய யோக்கியதை எனக்கு ஒன்றும் இல்லை. ஆனால் கதை எழுதுகிறவனுக்கு ஒரு கெட்ட வழக்கம் உண்டு. எவனாவது தன் கைக்கருவிக்குப் பெயர் வைத்திருக்கிறான் என்று கேள்விப்பட்டால் அவனுடைய காது நீண்டுவிடும்.

முதலில் ஆட்டத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. கோல்ஃப் ஆடப் போகிறவன் பையில் பதினான்கு தடிகள் வரை எடுத்துப் போகலாம். அவற்றில் பதின்மூன்று பந்தைத் தூக்கி அடிப்பதற்கு. மிஞ்சிய ஒன்று, பந்து குழிக்குச் சமீபத்தில் வந்து சேர்ந்த பிறகு, ஒட்ட வெட்டிய புல்தரையில் அதை மெள்ள உருட்டிவிடுவதற்கு. அந்தத் தடிக்குப் ‘பட்டர்’ என்று பெயர். தமிழில் எழுதிப் பார்த்தால் ரொட்டியில் தடவுகிற பட்டரா, பெருமாள் கோயில் பட்டரா என்ற சந்தேகம் வருகிறது. கோயில் பட்டர் என்று வைத்துக்கொண்டாலும் பெரிய பாதகம் இல்லை. வெகுதூரம் நடந்து வந்தவனைக் கடைசியில் சந்நிதியில் சேர்ப்பிக்கிற உத்தியோகம்தான் இரண்டுக்கும்.

குழியின் வாய் நாலேகால் அங்குலம். பதினெட்டுக் குழிகளுக்கும் சேர்த்து 72 அடிகள் என்று கணக்கு வைத்தால், அதில் 36 இந்த உருட்டலுக்கே ஒதுக்கப்பட்டவை. 250 கஜம் பறக்கிற அடியும் ஓர் அடிதான். இரண்டடி தூரம் உருள்கிற அடியும் ஓர் அடிதான். பலசாலிகளுக்கு இது அநியாயமாகப் படும். எனக்கென்னவோ இந்த ஆட்டத்திலேயே நியாயமான விதி இதுதான் என்று தோன்றுகிறது. நீண்ட அடி தவறினால் காற்றைச் சொல்லலாம், மரத்தைச் சொல்லலாம், மேடு பள்ளத்தைச் சொல்லலாம். மூன்றடி தூரத்திலிருந்து தவறவிட்டவன் யாரைச் சொல்லுவான்?

தடியைச் சொல்லுவான். அதற்குத்தான் தடிக்குப் பெயர்.

நீலகிரியில் தேயிலைத் தோட்டம் ஒன்றில் மானேஜராக இருந்து ஓய்வு பெற்ற சிநேகிதர் ஒருவர் எனக்கு உண்டு. அவர் வீட்டுக் கூடத்தின் மூலையில், குடைகள் வைக்கிற இடத்தில், ஒரு டஜன் பட்டர்கள் சாய்ந்துகிடக்கும். மற்றத் தடிகள் ஒரே செட்டு. இருபது வருஷமாக மாறவில்லை. பட்டர் மட்டும் வந்துகொண்டே இருக்கும். அவருடைய மனைவி ஒரு நாள் என்னிடம், “பாருங்கோ அண்ணா, எனக்கு முன்னாடி வந்தவாளும் இங்கேதான் இருக்கா, பின்னாடி வந்தவாளும் இங்கேதான் இருக்கா” என்றாள். நண்பர் சிரிக்கவில்லை. அதில் ஒன்றை எடுத்து என் கையில் கொடுத்து, “இது நல்லதுதான். மூணு வருஷம் ஒழுங்கா இருந்தது. அப்புறம் எனக்கும் அதுக்கும் ஒத்துக்கலை” என்றார். பழைய கூட்டாளியைப் பற்றிப் பேசுகிற குரல் அது. அவர் சொல்லித்தான் உலகத்தில் பெயர் பெற்ற பட்டர்களின் கதைகளை நான் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

ஆயுதத்துக்குப் பெயர் வைப்பது நமக்குப் புதிதல்ல. அர்ஜுனனின் வில் வெறும் வில் அல்ல, காண்டீபம். நம் வீட்டு அரிவாள்மணைக்கும் ஆயுத பூஜையன்று சந்தனமும் குங்குமமும் உண்டு. ஆனால் காண்டீபத்தை யாரும் சட்டம் போட்டுத் தடை செய்ததாகப் படித்ததில்லை. ஒரு பட்டருக்கு அந்தப் பெருமை கிடைத்தது.

அமெரிக்காவில் நியூயார்க் மாகாணத்தில் ஸ்கெனெக்டெடி என்று ஓர் ஊர். ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியின் ஊர். அங்கே வேலை பார்த்த ஆர்தர் நைட் என்பவர் 1902-ஆம் வருஷ வாக்கில் தமக்கென்று ஒரு பட்டர் செய்துகொண்டார். அது வரையில் பட்டரின் தண்டு தலையின் ஓர் ஓரத்தில் பொருந்தியிருக்கும். நைட் அலுமினியத்தில் கனமான தலை செய்து, தண்டைக் கிட்டத்தட்ட அதன் நடுவில் கொண்டுவந்து பொருத்தினார். 1903-இல் அதற்குப் பேடண்ட் வாங்கினார். ஊரின் பெயரே தடிக்கும் ஒட்டிக்கொண்டது.

1904-இல் வால்டர் டிராவிஸ் என்பவர் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். ஆஸ்திரேலியாவில் பிறந்து அமெரிக்காவில் குடியேறியவர். முப்பத்தைந்து வயதை நெருங்கும்போதுதான் முதன்முதலில் கோல்ஃப் தடியைத் தொட்டவர். தாடி வைத்த, வார்த்தைச் செலவு செய்யாத, சுருட்டுப் பிடிக்கிற மனிதர். சாண்ட்விச் என்ற ஊரில் நடந்த பிரிட்டிஷ் அமெச்சூர் பந்தயத்தில் ஆடுவதற்காகப் போனார். அங்கே பட்டர் அவருக்குச் சொன்னபடி கேட்கவில்லை. கூட வந்தவர் ஒருவருடைய ஸ்கெனெக்டெடி பட்டரை வாங்கிக்கொண்டு களத்தில் இறங்கினார்.

இறுதி ஆட்டத்தில் எதிரி டெட் பிளாக்வெல். அந்தக் காலத்தில் பந்தை மிகத் தூரம் அடிக்கிறவர்களில் ஒருவர். டிராவிஸ் அடித்த பந்து பிளாக்வெல்லின் பந்துக்கு வெகு பின்னாலேயே விழும். ஆனால் புல்தரைக்கு வந்ததும் கதை மாறும். பிளாக்வெல் குழிக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்துவார்; டிராவிஸ் குழிக்குள்ளேயே போட்டுவிடுவார். மூன்று குழிகள் மீதமிருக்கும்போதே நான்கு குழிகள் முன்னால் இருந்த டிராவிஸ் கோப்பையை வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினார். அந்தக் கோப்பை கடல் கடந்து போனது அதுதான் முதல் தடவை.

அங்கே தம்மை முகம் கொடுத்து வரவேற்கவில்லை என்று டிராவிஸ் பின்னால் குறைப்பட்டுக்கொண்டார். விருந்தாளி கோப்பையைத் தூக்கிக்கொண்டு போனால் வீட்டுக்காரர் முகம் எப்படி இருக்கும் என்பது நாம் ஊகிக்கக்கூடியதே. 1910-இல் ஆட்டத்தின் விதிகளை வகுக்கிற ஸ்காட்லாந்து நாட்டு ராயல் அண்ட் ஏன்ஷியண்ட் சங்கம் அந்த மாதிரிப் பட்டர்களைத் தள்ளிவைத்தது. அமெரிக்கச் சங்கம் அதை ஏற்றுக்கொள்ளவில்லை. ஆக, அட்லாண்டிக் சமுத்திரத்துக்கு இந்தப் பக்கம் குற்றமானது அந்தப் பக்கம் குற்றமில்லை என்ற விசித்திர நிலை நாற்பது வருஷம் நீடித்தது. இரண்டு சங்கங்களும் 1951-இல் கூடிப் பேசி, 1952-இல் பொது விதிகளை அமலுக்குக் கொண்டுவந்தபோதுதான் ஸ்கெனெக்டெடிக்கு விடுதலை. டிராவிஸ் அதைப் பார்க்க இருக்கவில்லை, 1927-இலேயே காலமாகிவிட்டார்.

தடையில் கொஞ்சமும் நியாயம் இல்லை என்று நான் சொல்லமாட்டேன். கருவியே ஆடிவிட்டால் ஆட்டக்காரன் எதற்கு என்று கேட்கிறவர்களின் கவலை மெய்யானது. ஆனால் அந்தத் தடி கடையில் விலைக்குக் கிடைத்தது, பிளாக்வெல்லும் வாங்கியிருக்கலாம். அவர் கையில் அது டிராவிஸ் கையில் செய்ததைச் செய்திருக்குமா? சங்கத்தார் இந்தக் கேள்வியைத் தங்களைக் கேட்டுக்கொண்டார்களோ என்னவோ.

இதற்கு ஒருவாறு பதில் சொல்லுகிற கதை பாபி ஜோன்ஸுடையது. கோல்ஃப் சரித்திரத்தில் இதைப் போலப் புகழ் பெற்ற தடி வேறு இல்லை. பெயர் ‘கலாமிட்டி ஜேன்’. அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் துப்பாக்கியும் கையுமாகத் திரிந்து பெயரெடுத்து, 1903-இல் இறந்துபோன ஒரு பெண்மணியின் பட்டப்பெயர் அது. நம் பாஷையில் ‘ஆபத்து அம்மாள்’ என்று சொல்லிப் பார்க்கலாம்.

ஜோன்ஸ் சிறு வயதிலேயே மேதை என்று பெயர் வாங்கியவர். ஆனால் இருபத்தோராவது வயது வரை பெரிய பந்தயம் ஒன்றும் கைக்கு வரவில்லை. 1923-இல் நியூயார்க்குக்குப் பக்கத்தில் லாங் ஐலண்டில் அமெரிக்க ஓப்பன் பந்தயம். அதற்குச் சற்று முன்னால் ஜிம் மெய்டன் என்ற ஆட்ட ஆசிரியரின் கிளப்பில் ஜோன்ஸ் பந்தை உருட்ட முடியாமல் தவித்துக்கொண்டிருந்தார். ஜோன்ஸுக்கு ஆட்டம் பிடிபடக் காரணமாயிருந்த ஸ்டூவர்ட் மெய்டனின் சகோதரர் இந்த ஜிம். தம்மிடமிருந்த ஒரு பழைய பட்டரை எடுத்துக் கொடுத்தார். ஹிக்கரி மரத்தண்டு, மெல்லிய இரும்புத் தலை, கழுத்தில் சிறிய வளைவு. தண்டு ஒரு காலத்தில் விரிசல் கண்டதால் மூன்று இடத்தில் கறுப்பு நூல் சுற்றிக் கட்டுப் போட்டிருந்தது. பார்வைக்கு லட்சணம் என்று சொல்ல முடியாது. அதைக் கொண்டு ஜோன்ஸ் அந்தப் பந்தயத்தை ஜயித்தார். அடுத்த இரண்டு வருஷங்களில் அமெரிக்க அமெச்சூர் பட்டத்தை இரண்டு தடவை ஜயித்தார்.

அப்புறம் ஜேனுக்கு வயதாகிவிட்டது. துருப்பிடிக்காமல் இருக்க முகத்தைத் தேய்த்துத் தேய்த்து, இரும்பு தேய்ந்து, பந்தைச் சரியாகத் தொடவேண்டிய இடமே நகர்ந்துபோயிற்று. கண்ணன் மறைந்த பிறகு காண்டீபத்தில் நாணேற்ற முடியாமல் அர்ஜுனன் திணறியதாகப் பாரதத்தில் வருகிறதே, அந்த மாதிரி நேரம். அர்ஜுனனுக்கு ஸ்பால்டிங் கம்பெனி இல்லை, ஜோன்ஸுக்கு இருந்தது. அவர்கள் அதே அளவு, அதே எடை, அதே வளைவு என்று பிரதிகள் செய்து கொடுத்தார்கள். ஜோன்ஸ் அதில் ஒன்றை எடுத்துக்கொண்டார். அதுவும் கலாமிட்டி ஜேன்தான், இரண்டாவது ஜேன்.

இனிமேல்தான் எனக்குச் சுவாரசியமான இடம். ஜோன்ஸ் மொத்தம் 13 பெரிய பந்தயங்களை ஜயித்தார். மூல ஜேன் ஜயித்துக் கொடுத்தது மூன்று. பிரதி ஜேன் ஜயித்துக் கொடுத்தது பத்து! அந்தப் பத்தில் 1930-ஆம் வருஷம் ஒரே பருவத்தில் ஜயித்த நான்கும் அடக்கம். அந்த வருஷத்தோடு, இருபத்தெட்டாவது வயதில், அவர் போட்டிகளிலிருந்து விலகிக்கொண்டார். ஜோன்ஸ் விலகியபின் ஸ்பால்டிங் கம்பெனியார் ‘கலாமிட்டி ஜேன்’ என்று பெயர் போட்டே கடைகளில் விற்றார்கள். அந்தத் தடிகளின் தண்டு உருக்கு. அதில் விரிசலுக்கு இடமே இல்லை. ஆனாலும் மூன்று கறுப்பு வளையம் தவறாமல் போட்டார்கள். உடையாத தண்டுக்குக் கட்டு! வாங்குகிறவனுக்குத் தடி மட்டும் போதாது, காயமும் வேண்டியிருந்தது. நாவல் எழுதுகிறவன் கற்பனை செய்து இப்படி எழுதினால் விமர்சகர்கள் நம்பமாட்டார்கள்.

பந்தயத்தை ஜயித்தது இரும்பா, பெயரா, ஜோன்ஸின் கையா? இரும்பு இல்லை என்று மட்டும் நிச்சயமாகத் தெரிகிறது.

இனி பாபி லாக். தென்னாப்பிரிக்கர். தளதளவென்று முழங்காலோடு நிற்கிற காற்சட்டை, வெள்ளை ஜோடு, அவசரம் என்பதே தெரியாத நடை. மற்றவர்களெல்லாம் உருக்குத் தண்டுக்கு மாறி வெகு காலமான பிறகும் துருவேறிய தலையும் ஹிக்கரித் தண்டுமாக ஒரு பழைய பட்டரை விடாமல் வைத்துக்கொண்டிருந்தார். 1949, 1950, 1952, 1957 என்று பிரிட்டிஷ் ஓப்பனை நான்கு தடவை ஜயித்தார். அவரைப் போலப் பந்தை உருட்டத் தெரிந்தவர் இன்று வரை பிறக்கவில்லை என்று சொல்லுகிறவர்கள் உண்டு.

நான்காவது வெற்றிதான் விஷயம். 1957, செயிண்ட் ஆண்ட்ரூஸ் மைதானம், கடைசிக் குழி. லாக்கின் பந்து குழியிலிருந்து இரண்டு மூன்றடி தூரத்தில் நின்றது. கூட ஆடியவருடைய பந்தின் பாதையில் அது குறுக்கே இருந்ததால், பந்தை எடுத்துவிட்டு, இருந்த இடத்தை ஒரு பட்டர்த் தலை அகலத்துக்குப் பக்கவாட்டில் தள்ளிக் குறித்தார். இது எல்லோரும் செய்வதே. தம் முறை வரும்போது அதே அளவு திரும்பத் தள்ளிப் பந்தை வைக்க வேண்டும். லாக் மறந்துவிட்டார். தள்ளிக் குறித்த இடத்திலேயே பந்தை வைத்தார், உருட்டினார், ஜயித்தார். கூட்டம் ஆர்ப்பரித்தது. ஒருவருக்கும் தெரியவில்லை. பிறகு செய்திப் படத்தைப் போட்டுப் பார்த்தபோது அது அம்பலமாயிற்று.

சட்டத்தை எழுத்துக்கு எழுத்து பார்த்தால் கோப்பை பறிபோயிருக்கும். குழுவினர் கூடி யோசித்தார்கள். லாக் மூன்று அடிகள் முன்னணியில் இருந்தார்; இடம் மாறியதால் அவருக்கு ஒரு லாபமும் இல்லை; ஆகவே முடிவு முடிவுதான் என்றார்கள். நான் குழுவில் இருந்திருந்தாலும் அப்படித்தான் கை தூக்கியிருப்பேன். இருந்தாலும் மனசில் ஒரு முள். 1925-இல் அமெரிக்க ஓப்பனில் நம் பழைய சிநேகிதர் ஜோன்ஸ், வேறு யாரும் பார்க்காதபோது தம் பந்து இம்மி அசைந்தது என்று தாமே சொல்லித் தம் மேல் ஓர் அடி தண்டம் போட்டுக்கொண்டார். பந்தயம் சமமாக முடிந்து, மறு ஆட்டத்தில் ஓர் அடியில் தோற்றார். பார்த்துத் தொலைத்த காமிராவும், பார்க்காமல் விட்ட கண்களும், நடுவில் ஒரு பட்டர்த் தலை அகலமும். நேர்மையை அளக்க நாலைந்து அங்குலம் போதும் போலிருக்கிறது.

கோபத்தை அளக்க அவ்வளவுகூட வேண்டாம். பென் கிரென்ஷா என்ற டெக்ஸாஸ்காரர் சாதுவான மனிதர். பந்து உருட்டுவதில் மகா நிபுணர். பள்ளிப் பருவத்தில் அவர் தந்தை வாங்கித் தந்த ‘லிட்டில் பென்’ என்ற பட்டரைச் சொந்தத் தம்பி மாதிரி வைத்துக்கொண்டிருந்தவர். அப்படிப்பட்டவர் 1987-இல் ரைடர் கோப்பைப் போட்டியில், ஆறாவது குழியில் மூன்று தடவை உருட்டவேண்டி வந்த ஆத்திரத்தில் தட்டிய தட்டில் கையிலிருந்த பட்டர் ஒடிந்துபோயிற்று. ஆட்டத்தின் நடுவில் வேறு எடுத்துக்கொள்ளச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. மிச்சக் குழிகளையெல்லாம் மெல்லிய இரும்புத் தடியாலும் மணலிலிருந்து பந்தைத் தோண்டுகிற தடியின் விளிம்பாலும் உருட்டினார். அப்படியும் கடைசிக் குழி வரை போராடித்தான் அயர்லாந்துக்காரர் ஈமன் டார்ஸியிடம் தோற்றார். அமெரிக்க மண்ணில் அந்தக் கோப்பையை ஐரோப்பா ஜயித்தது அதுதான் முதல் தடவை.

ஜாக் நிக்லாஸின் ‘ஒயிட் ஃபாங்’ பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. வெயிலில் பளபளத்துக் கண்ணைக் கூசாமல் இருக்க வெள்ளைச் சாயம் பூசிய ஒரு பட்டர். யாரோ சிநேகிதருக்குச் சிநேகிதருடையது. 1967-இல் அதை வைத்து அமெரிக்க ஓப்பனைப் புதிய சாதனையோடு ஜயித்தார். மனுஷர் மகா கெட்டிக்காரர். எந்தத் தடியிடமும் மனத்தைப் பறிகொடுக்கவில்லை. அதனால்தான் கதை சுருக்கமாகப் போய்விட்டது.

ஆனால் அதே காலத்தில் ஒரு மனிதர் தடியைத் தலைகீழாக யோசித்துக்கொண்டிருந்தார். நார்வேயில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த கார்ஸ்டன் சோல்ஹைம். அவரும் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனி இஞ்சினீயர் என்பது வேடிக்கையான ஒற்றுமை. நாற்பது வயதுக்கு மேல் ஆட ஆரம்பித்தார், பந்து உருளவில்லை. எல்லோரும் தங்களைத் திட்டிக்கொள்வார்கள், அல்லது தடியைத் திட்டுவார்கள். இவர் தடியைப் பரீட்சை செய்தார். எடை நடுவில் இருப்பதால் அல்லவா, பந்து சற்று ஓரமாகப் பட்டாலும் தலை திரும்பிவிடுகிறது? எடையை இரண்டு ஓரங்களுக்கும் பிரித்துவிட்டால்? சர்க்கரைக் கட்டிகளையும் ஐஸ் குச்சிகளையும் ஒட்டி மாதிரி செய்து பார்த்ததாகச் சொல்வார்கள். 1959-இல் வீட்டு மோட்டார்க் கொட்டகையில் உருவான முதல் பட்டர் பந்தைத் தொட்டதும் ‘பிங்’ என்று சப்தம் போட்டது. சப்தமே பெயராயிற்று. சிரித்தவர்கள் பலர்.

1966-இல் அடுத்த யோசனை தோன்றியபோது கைக்குக் காகிதம் அகப்படாமல் ஒரு கிராமபோன் தட்டின் உறையில் வரைந்தாராம். ‘ஆன்ஸர்’, அதாவது பதில், என்று பெயர் சொன்னவர் அவர் மனைவி லூயிஸ். எழுத்துகள் தடியில் அடங்கவில்லை. ஓர் எழுத்தை எடுத்துவிட்டால் உச்சரிப்பு கெடாது என்று வழி சொன்னவரும் அந்த அம்மாள்தான். 1967-இல் சோல்ஹைம் கம்பெனி வேலையை விட்டார். அதற்குப் பிறகு வந்த பட்டர்களில் பாதி அந்த உறைப் படத்தின் பேரப்பிள்ளைகள். டைகர் வுட்ஸ் தமது பதினைந்து பெரிய வெற்றிகளில் பதினான்கைச் சம்பாதித்த ஸ்காட்டி காமரான் பட்டரும் அந்த வம்சமே.

இவ்வளவு சாஸ்திரம் வந்தும் பயம் போயிற்றா என்றால், அதுதான் இல்லை. குட்டையான உருட்டலுக்கு நிற்கும்போது சிலருக்குக் கை தானாக வெட்டி இழுக்கும். ‘யிப்ஸ்’ என்று அதற்குப் பெயர். பெரிய பெரிய வீரர்களை அது பிடித்திருக்கிறது. வயதான காலத்தில் ஸாம் ஸ்னீட், பந்துக்கு இரண்டு பக்கமும் காலை வைத்துக்கொண்டு, துடைப்பத்தால் பெருக்குகிற மாதிரி உருட்டித் தப்பித்தார். 1968-இல் அந்த நிலையைச் சட்டம் தடுத்தது. தடியை நெஞ்சுயரத்துக்கு நீட்டி, அதன் நுனியை நெஞ்சிலோ வயிற்றிலோ ஊன்றிக்கொண்டு உருட்டுவது இன்னொரு உபாயம். நடுங்குகிற கைக்கு உடம்பே சுவர். 2011-இலிருந்து பெரிய பந்தயங்களையும் அப்படி ஜயிக்க ஆரம்பித்தார்கள். 2016 ஜனவரி 1 முதல் ஊன்றுவது கூடாது என்று விதி வந்தது. பயத்தைத் தடை செய்யச் சங்கத்துக்கு அதிகாரம் இல்லை. அதன் ஊன்றுகோலைத் தடை செய்ய இருக்கிறது.

ஜெர்மனியின் பெர்னார்ட் லாங்கர் அந்தப் பயத்தை வாழ்நாள் முழுவதும் சுமந்தவர். வலது கையால் தண்டையும் இடது முழங்கையின் கீழ்ப்பகுதியையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, முறிந்த கைக்குச் சிம்பு கட்டியது போல நின்று உருட்டிப் பார்த்தார். 1991-இல் ரைடர் கோப்பையின் கடைசி ஆட்டம், கடைசிக் குழி. ஆறடி தூரம். விழுந்தால் கோப்பை ஐரோப்பாவிடம் தங்கும். விழவில்லை. வாயைத் திறந்து கண்ணை மூடிக்கொண்டு அவர் பின்னால் வளைந்து நின்ற படத்தைப் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். அடுத்த வாரமே தம் நாட்டில் நடந்த பந்தயத்தில் கடைசிக் குழியில் பதினைந்தடியை உருட்டி, சமன் செய்து, பிறகு ஜயித்தார்.

பின்னால் நீண்ட பட்டருக்கு மாறினார். 2016-இல் தடை வந்தபோது எல்லோரும் அவருடைய கதை முடிந்தது என்றார்கள். லாங்கர் தடியை மாற்றவில்லை. நெஞ்சிலிருந்து கையைக் கொஞ்சம் விலக்கிக்கொண்டார், அவ்வளவுதான். 2023-இல், அறுபத்தைந்தாவது வயதில், அமெரிக்க மூத்தோர் ஓப்பனை ஜயித்தார். மூத்தோர் பந்தயங்களில் அது அவருடைய 46-ஆவது வெற்றி; அது வரை ஒருவரும் எட்டாத எண்ணிக்கை. அவர் உருட்ட நிற்கும்போது ஜனங்கள் பந்தைப் பார்ப்பதில்லை, குழியைப் பார்ப்பதில்லை. அவருடைய முஷ்டிக்கும் சட்டைப் பித்தானுக்கும் நடுவே வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.